கல்கத்தா சென்றவர்களின் ஊரில்: விருதுநகர், சிவகாசி வட்டாரமும் அயல்நாட்டு வணிகப் படிப்பும்

மதுரையிலிருந்து தெற்கே செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் திருமங்கலத்தைத் தாண்டியதும் கரிசல் மண் தொடங்குகிறது. இடையிடையே சீமைக் கருவேலமும் மழையை எதிர்பார்த்து உழுது போட்ட நிலமுமாக வண்டி விருதுநகரை நெருங்கும்போது, வேளாண்மையை மட்டும் நம்பி இந்த வட்டாரம் பிழைத்திருக்க முடியாது என்பது பார்ப்பவருக்கு விளங்கிவிடும். இங்குள்ளவர்கள் வணிகத்தை நாடியதற்கு மண்ணின் வறட்சியும் வானம் பார்த்த பிழைப்பும் காரணங்கள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆயினும் வணிகத்தைக் கற்பதற்காக இந்த ஊர்க்காரர்கள் எங்கே போனார்கள், போகுமிடத்தை எதை வைத்துத் தேர்ந்தார்கள் என்ற கேள்வி அதே அளவுக்குப் பேசப்படவில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் மேலாண்மை படிக்க விரும்பும் பிள்ளைகள் இவ்வட்டாரத்தின் தெருக்கள்தோறும் பெருகியுள்ள இக்காலத்தில் அக்கேள்விக்குப் புதிய பயன் உண்டு.

1923 வரை விருதுபட்டி என்று வழங்கிய விருதுநகர், மிளகாய் வற்றல், பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் சந்தை விலைக்குப் பெயர் பெற்ற ஊர். நாளிதழ்களின் வணிகப் பக்கத்தில் ‘விருதுநகர் மார்க்கெட்’ என்ற தலைப்பு இன்றும் வருகிறது. 1916-இல் இங்கே தொடங்கப்பட்ட காளிமார்க் நிறுவனத்தின் பொவொண்டோ, பன்னாட்டுக் குளிர்பானங்களோடு போட்டியிட்டுத் தமிழகத்தில் நிலைத்து நிற்கிறது. மேலாண்மைப் பள்ளிகளில் நிகழ்வாய்வு எனப்படும் பாடமுறை உண்டு. ஒரு நிறுவனத்தின் நெருக்கடியை எடுத்துக்கொண்டு ‘அந்த இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய்’ என்று மாணவரைக் கேட்கும் இம்முறைக்கு விருதுநகரின் கடைவீதியிலேயே நாலைந்து பாடங்கள் கிடைக்கும்.

கல்விக்கான முதலீட்டை இந்த ஊர் திரட்டிய விதம் தனித்துக் கவனிக்கத்தக்கது. வணிகர்கள் தமக்குள் நடக்கும் விற்பனையில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு பங்கை ஒதுக்கிப் பொது நிதியில் சேர்ப்பதற்கு மகமை என்று பெயர். அந்நிதியை உறவின்முறை என்ற சமூக அமைப்பு நிர்வகித்தது. இவ்வகை நிதியோடு வீடுதோறும் எடுத்த பிடி அரிசியும் சேர்ந்து வளர்த்ததுதான் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை. பின்னாளில் முதலமைச்சரான காமராசர் சிறுவயதில் படித்த பள்ளி அது. ஒரு குழந்தையின் படிப்புச் செலவை ஊரே பகிர்ந்துகொண்ட அந்த ஏற்பாட்டில் தனிக் குடும்பத்தின் தலையில் கடன் ஏறவில்லை. இன்று வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் விருதுநகர் மாணவர் வங்கிக் கடன், வீட்டுப் பத்திரம், தந்தையின் கையொப்பம் ஆகிய மூன்றையும் தம் குடும்பத்திலிருந்தே கொண்டுவர வேண்டியிருக்கிறது. இந்த மாற்றம் பல்கலைக்கழகத் தேர்வை எவ்வளவு தூரம் வளைக்கிறது என்பதை மாணவருக்கு எடுத்துச் சொல்பவர்கள் குறைவு.

1947-இல் தோன்றிய செந்திக்குமார நாடார் கல்லூரி, 1962-இல் தோன்றிய வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி, சிவகாசியில் 1963-இல் தோன்றிய அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி ஆகியவற்றில் பி.காம்., பி.பி.ஏ. படித்து வெளியேறும் மாணவர்களே வெளிநாட்டு வணிகப் படிப்பை முதலில் நினைப்பவர்கள். அவர்களுடைய பட்டம் மூன்றாண்டுப் பட்டம் என்பதால் முதல் வடிகட்டல் அங்கேயே நிகழ்ந்துவிடுகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒரு பகுதி, முதுநிலைச் சேர்க்கைக்குப் பள்ளியும் கல்லூரியுமாகப் பதினாறு ஆண்டுப் படிப்பை எதிர்பார்க்கின்றன. பிரிட்டன் மூன்றாண்டுப் பட்டத்தைத் தயக்கமின்றி ஏற்கிறது. ஜெர்மனியும் ஏற்கிறது, ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும் செலவிட்ட உழைப்பை ஐரோப்பிய மதிப்பலகு என்ற அளவாக மாற்றி, மேலாண்மையில் இத்தனை, பொருளியலில் இத்தனை, கணிதம், புள்ளியியலில் இத்தனை என்று தனித்தனியே எண்ணிப் பார்க்கிறது. கணக்குப் பதிவியல் தாள்கள் மிகுந்தும் புள்ளியியல் தாள்கள் குறைந்தும் உள்ள ஒரு பி.காம். பட்டதாரி, எண்பது விழுக்காடு மதிப்பெண் பெற்றிருந்தும் அங்கே திருப்பி அனுப்பப்படலாம். ஆகவே கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கும்போதே வெளிநாட்டுச் சேர்க்கையின் பாதி முடிவாகிவிடுகிறது எனலாம். இறுதியாண்டில் தரவரிசைப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருபவர் அந்தப் பாதியைக் கவனியாமல் விட்டவர்.

விருதுநகரிலிருந்து தென்மேற்கே கிளைச்சாலையிலோ தென்காசி செல்லும் ரயில் பாதையிலோ போனால், நின்ற நாராயணப் பெருமாள் கோயில் கொண்ட திருத்தங்கலைக் கடந்து சிவகாசியை ஒரு மணி நேரத்துக்குள் அடையலாம். பாதையோரச் சுவர்களில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சகம் என்ற மூன்று தொழில்களின் பெயர்ப்பலகைகள் மாறிமாறி வரத் தொடங்கும். இம்மூன்றுக்கும் மூலமான நிகழ்வு ஒரு கல்விப் பயணம். 1922-இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு உறவினர்கள் தீப்பெட்டித் தொழிலைக் கற்பதற்காகக் கல்கத்தா சென்றனர். அங்கே பூர்ண சந்திர ராய் என்பவரிடம் அவர்கள் தொழில் பழகியதாகச் சிவகாசியின் தொழில் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். திரும்பி வந்து 1923-இல் சொந்த ஊரில் தீப்பெட்டி ஆலை தொடங்கிய அவ்விருவரும் சில ஆண்டுகளில் பிரிந்து, காக்கா மார்க், அணில் மார்க் என்ற தனித்தனிப் பெயர்களில் தொழிலை வளர்த்தார்கள்.

இப்பயணத்தில் வியப்புக்குரியது அவர்கள் தேர்ந்த இடம். அக்காலத்துத் தமிழருக்குப் படிப்பென்றால் சென்னை, பட்டமென்றால் பிரசிடென்சி கல்லூரி, அதற்கு மேல் வசதியிருந்தால் லண்டன் என்பதுதான் வழக்கமான பாதை. அந்த ஏணியில் அவர்கள் ஏறவில்லை. கொண்டுவர விரும்பிய தொழில் எங்கே நடக்கிறதோ அங்கே போனார்கள். கற்றதை அப்படியே நகலெடுக்காமல், வறண்ட காற்றையும் வேலை தேடி நின்ற கைகளையும் கணக்கில் கொண்டு, கையுழைப்பை நம்பிய குடிசைத் தொழிலாக அதை மாற்றினார்கள். அதே 1923-இல் ஸ்வீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனம் விம்கோ என்ற பெயரில் இயந்திர ஆலைகளோடு இந்தியாவுக்குள் நுழைந்தது. அத்தகைய பெருமுதலின் எதிரே சிவகாசித் தீப்பெட்டி நிலைத்ததற்குச் சிறு ஆலைகளுக்குச் சாதகமாக அமைந்த கலால் வரி உதவியது. அதைவிடவும், கற்ற இடத்தின் முறையையும் தம் ஊரின் நிலையையும் பிரித்துப் பார்த்த அறிவு உதவியது என்று கொள்வது பொருந்தும். அந்தக் கையுழைப்பில் குழந்தைகளின் கையும் பல பத்தாண்டுகள் சேர்ந்திருந்தது என்பதை இவ்வரலாற்றைப் புகழ்வோர் விட்டுவிடக் கூடாது.

சிவகாசி நகருக்குள் கடைத்தெருவில் நடப்பவர் அச்சகங்களைத் தவிர்க்க முடியாது. தினசரி நாள்காட்டிக்குரிய தாள் கட்டுகளும், முருகனும் லட்சுமியும் பளபளக்கும் அட்டைகளும் தள்ளுவண்டியிலும் மூன்று சக்கர வண்டியிலும் தெருவுக்குத் தெரு மாறிப் போய்க்கொண்டே இருக்கும். ஓர் அச்சகத்தில் அச்சேறிய தாள் இன்னோரிடத்தில் பளபளப்புப் பூச்சுக்கும், மற்றோரிடத்தில் வெட்டுக்கும், வேறொரு வீட்டில் தகடு அடிப்பதற்கும் செல்கிறது. அடுத்த ஆண்டு நாள்காட்டிகளின் மாதிரி ஆல்பங்களை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது இங்குள்ள வழக்கம். செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் வெளிநாட்டுப் படிப்புகளுக்கு விசா வாங்கிக்கொண்டு பிள்ளைகள் புறப்படுவதும் அதே ஆடி மாதத்தில்தான் என்பதால், அச்சக வீடுகளில் ஆர்டர் பிடிக்கும் பரபரப்பும் பெட்டி கட்டும் பரபரப்பும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன.

அச்சகக் குடும்பத்திலிருந்து வணிகம் படிக்கப் போகும் மாணவருக்குக் கல்கத்தாவின் அளவுகோலைப் பொருத்திப் பார்த்தால் விடை வழக்கமான பட்டியல்களிலிருந்து விலகிப் போகிறது. ஆஃப்செட் அச்சு இயந்திரங்களுக்குப் பெயர் பெற்ற ஹைடல்பர்க் நகரம் ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் உள்ளது. அதே மாநிலத்தின் ஸ்டுட்கார்ட் ஊடகப் பல்கலைக்கழகத்தில் அச்சும் ஊடகமும் சார்ந்த படிப்புகள் உண்டு. மான்ஹைம் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் புலமும் அம்மாநிலத்தில்தான் இருக்கிறது. மேலாண்மைப் பள்ளிகளுக்கு அமெரிக்காவில் 1916-இல் தோன்றிய ஏ.ஏ.சி.எஸ்.பி., பிரிட்டனில் 1967-இல் தோன்றிய ஆம்பா, ஐரோப்பாவின் ஈக்விஸ் என்று மூன்று தரச்சான்று அமைப்புகள் இருக்கின்றன. மூன்றின் சான்றையும் பெற்ற பள்ளியை ‘மும்மகுடம்’ சூடியது என்பர். உலகின் வணிகப் பள்ளிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றே அப்பெருமையைப் பெற்றுள்ள நிலையில் மான்ஹைம் அவற்றுள் ஒன்று. அரசுப் பல்கலைக்கழகமான அதில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோதான் கட்டணம். ஜெர்மனியின் மற்றப் பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்கள் அதையும் கேட்பதில்லை. நாள்காட்டியை விட்டு அட்டைப்பெட்டிக்கும் மருந்துப் பொதிக்கும் நகர விரும்பும் அச்சகத்தாருக்கு, பொதியியலைத் தனித் துறையாக 1952 முதல் நடத்திவரும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் பல புகழ்பெற்ற எம்.பி.ஏ. பள்ளிகளைவிட நெருங்கிய துணையாகலாம்.

இங்கே ஒரு வேறுபாட்டை விளக்க வேண்டும். எம்.பி.ஏ. என்பது பெரும்பாலும் சில ஆண்டு வேலை அனுபவம் உள்ளவர்களுக்காக வகுக்கப்பட்ட, கட்டணம் மிகுந்த படிப்பு. மேலாண்மை முதுநிலை என்பது பட்டம் முடித்தவுடன் சேரக்கூடிய, கட்டணம் குறைந்த படிப்பு. ஜெர்மனியில் கட்டணமே இல்லை என்று கேள்விப்பட்டு எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிப்பவர், பல்லாயிரம் யூரோ கட்டணத்தைக் கண்டு திகைப்பது இந்த வேறுபாட்டை அறியாததால்தான்.

பட்டாசுத் தொழிலின் நிலை அச்சுத் தொழிலிலிருந்து வேறுபட்டது. ஊரைச் சுற்றியுள்ள ஆலைகளில் நான்கு புறமும் கதவு வைத்த சிற்றறைகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கின்றன. ஓர் அறையில் ஒரு சிலருக்கு மேல் அமரக்கூடாது, தீப்பொறி எழுப்பும் கருவி கூடாது, மருந்தைத் தேவைக்கு மேல் குவிக்கக்கூடாது என்று வெடிபொருள் விதிகள் வகுத்துள்ளன. அவ்விதிகள் மீறப்பட்ட இடங்களில் நேர்ந்த உயிரிழப்புகளின் வரலாறும் நீண்டது. 1942-இல் ராஜரத்தினம் தொடங்கிய ஸ்டாண்டர்டு பட்டாசு நிறுவனம் முதலாக இன்றுள்ள நூற்றுக்கணக்கான ஆலைகள் வரை சேர்ந்து, இந்தியப் பட்டாசில் சுமார் 90 விழுக்காட்டை இப்பகுதி செய்வதாகச் சொல்லப்படுகிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிகளுக்கும் தடை விதித்துப் பசுமைப் பட்டாசை மட்டும் அனுமதித்தபோது, இத்தொழில் வேதியியலையும் சட்டத்தையும் புதிதாகக் கற்க வேண்டிவந்தது. பசுமைப் பட்டாசின் கலவைகளை உருவாக்கிய நீரி எனப்படும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம், வெடிபொருள் உரிமங்களை ஆளும் பெசோ அமைப்பின் தலைமையகம் ஆகிய இரண்டும் நாக்பூரில் உள்ளன. ஆகவே பட்டாசு ஆலையை நடத்தப் போகும் வாரிசுக்கு லண்டனைவிட நாக்பூர் நெருங்கிய பல்கலைக்கழகம் என்று சொன்னால் அது வெறும் கிண்டலாகாது.

எனினும் அந்த வாரிசு வெளிநாடு செல்ல விரும்புவதில் பிழையில்லை. எந்தப் பட்டியலை நம்புகிறார் என்பதில்தான் பிழை நேர்கிறது. ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழ் ஆண்டுதோறும் வெளியிடும் எம்.பி.ஏ. தரவரிசையில், படித்தவர்கள் பிற்பாடு வாங்கும் சம்பளமும் அதன் உயர்வும் சேர்ந்து மதிப்பெண்ணில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைப் பிடிக்கின்றன. தந்தையின் கல்லாவில் வந்து உட்காரப் போகிறவருக்குச் சம்பளமே கிடையாது என்னும்போது, அந்தப் பட்டியலில் பத்தாம் இடத்துக்கும் அறுபதாம் இடத்துக்கும் உள்ள வேறுபாடு அவரைப் பொறுத்தவரை பெரும்பாலும் பொருளற்றது. கியூ.எஸ். தரவரிசையோ கல்வியாளர்களிடம் கருத்துக் கேட்டுப் பெறும் நற்பெயருக்கு 30 விழுக்காடு ஒதுக்குகிறது. அது ஆய்வுப் பெருமையை அளக்கும், கணக்குப்பிள்ளையோடும் மாமனோடும் ஒரே மேசையில் அமர்ந்து முடிவெடுக்கும் பக்குவத்தை அளக்காது. 1919-இல் தொடங்கிய அமெரிக்காவின் பாப்சன் கல்லூரி தொழில்முனைவையும், சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள ஐ.எம்.டி. குடும்ப நிறுவனங்களின் ஆட்சிமுறையையும் தமக்குரிய துறைகளாக வளர்த்துள்ளன. ஹைதராபாத்தின் இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸிலும் குடும்பத் தொழிலுக்கெனத் தனி மையம் உண்டு. தீபாவளி முடிந்து கணக்குத் தீர்ந்தபின் அடுத்த பருவத்துக்குள் பிள்ளை திரும்ப வேண்டிய வீட்டுக்கு ஓராண்டுப் படிப்பே ஏற்றது. படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி எத்தனை ஆண்டு என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை.

தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கியும் பட்டாசுக்குத் திரி வைத்தும் கிடைத்த கூலியில் பி.காம். முடித்த பெண்ணுக்கோ பையனுக்கோ இந்த அறிவுரைகளில் ஒன்றும் பொருந்தாது. இரு வகை மாணவருக்கும் ஒரே பட்டியலைக் கொடுப்பதுதான் வழிகாட்டி நிலையங்களின் பெருங்குறை. கடன் வாங்கிப் போகிறவருக்குப் பல்கலைக்கழகத்தின் பெயரை முடிவு செய்வதற்கு முன்னால் நாட்டை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. நாட்டை அங்கே தங்கி வேலை பார்க்கக் கிடைக்கும் காலம் முடிவு செய்கிறது. பிரிட்டனில் ஓராண்டு முதுநிலை முடித்தவருக்கு இதுவரை இரண்டாண்டு இருந்த அந்த அனுமதி, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்குப் பதினெட்டு மாதமாகச் சுருங்குகிறது. ஜெர்மனி வேலை தேடுவதற்குப் பதினெட்டு மாதம் தருகிறது. அமெரிக்காவில் பட்டதாரிக்கு ஓராண்டுப் பயிற்சி அனுமதி உண்டு. படிப்பு அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் இருந்தால் மேலும் இருபத்துநான்கு மாதம் சேரும். வணிகப் பகுப்பாய்வு போன்ற படிப்புகள் அப்பட்டியலில் வருவதும் பொதுவான மேலாண்மைப் படிப்புகள் பல வராததும், ஒரே கட்டடத்தில் நடக்கும் இரு படிப்புகளுக்கு இடையில் இரண்டாண்டு வருமானத்தின் வேறுபாட்டை உண்டாக்கிவிடுகின்றன.

பணத்தின் வழி இன்னும் குறுகலானது. வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் ரூ.7.5 லட்சம் வரைதான் சொத்துப் பிணை இல்லாமல் கிடைக்கிறது. அதற்கு மேல் வீடோ மனையோ கேட்பார்கள். கடன் திரும்பாதபோது வங்கி நேரடியாகக் கைப்பற்ற உதவும் 2002-ஆம் ஆண்டுச் சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது என்பதால், ஐந்து ஏக்கர் கரிசல் வைத்திருக்கும் குடும்பம்கூட வங்கியின் கண்ணில் பிணை இல்லாத குடும்பமே. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கேட்காத சலுகை இருந்தாலும், அந்தக் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். செலுத்தும் வட்டிக்கு வருமான வரிச் சட்டம் எட்டு ஆண்டு வரை விலக்குத் தருவது நல்லதுதான்; ஆனால் வரி கட்டுமளவு வருமானம் உள்ளவருக்கே அதனால் பயன்.

இதோடு பருவத்தின் சிக்கலும் சேர்கிறது. பட்டாசு வட்டாரத்தில் சிறு வியாபாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் பணம் தீபாவளியை ஒட்டி ஒரு மொத்தமாக வருகிறது. மற்ற மாதங்களில் அது சரக்காகவும் கடனாகவும் ஊரெங்கும் சிதறிக் கிடக்கிறது. பிரிட்டன் விசாவுக்கோ, தேவையான தொகை தொடர்ந்து இருபத்தெட்டு நாள் குறையாமல் கணக்கில் இருந்ததைக் காட்ட வேண்டும். ஜெர்மனிக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவான 11,904 யூரோவை, மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் முன்கூட்டியே போட வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் உள்ள நிலை. 2022 நவம்பர் முதல் சான்றிதழ்களின் உண்மைத்தன்மைக்கு ஏ.பி.எஸ். என்ற சரிபார்ப்பும் கட்டாயம். ஆனியிலும் ஆடியிலும் சிவகாசிக் குடும்பத்தின் கையில் பணம் மிகக் குறைந்திருக்கும்போதுதான் தூதரகங்கள் அதைக் கேட்கின்றன. மாணவரின் தகுதிக் குறைவால் நின்றுபோன பயணங்களைவிடக் காலப்பொருத்தமின்மையால் நின்றவை மிகுதியாக இருந்தால் வியப்பதற்கில்லை. குளிர்காலச் சேர்க்கை நடத்தும் பல்கலைக்கழகங்களை முதலில் பார்ப்பது இவ்வகைக் குடும்பங்களுக்கு உகந்த முறை. ஜனவரியில் வகுப்பு தொடங்கும் படிப்புகளுக்கான பணத்தைத் தீபாவளி வரவிலிருந்தே காட்டிவிடலாம்.

பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒட்டப்பட்ட ‘வெளிநாட்டில் எம்.பி.ஏ.’ விளம்பரங்களைப் பற்றி ஒரு சொல் போதும். ஆலோசனை இலவசம் என்ற வாக்கியத்தின் பின்னால், மாணவரைச் சேர்த்துவிட்டால் பல்கலைக்கழகம் தரும் தரகு இருக்கிறது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பல பல்கலைக்கழகங்கள் அத்தரகைத் தருகின்றன. கட்டணமே வாங்காத ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகம் பொதுவாகத் தருவதில்லை. முகவரின் மேசையில் எந்த நாட்டின் துண்டறிக்கை மேலே இருக்கும் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

சிவகாசியிலிருந்து கிழக்கே திரும்பி மீண்டும் நெடுஞ்சாலையைத் தொடும் இடத்தில் சாத்தூர் இருக்கிறது. காராச்சேவுக்குப் பெயர் பெற்ற இவ்வூரைச் சுற்றியும் தெற்கே கோவில்பட்டி வரையும் தீப்பெட்டி ஆலைகள் தொடர்கின்றன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எதுவாயினும் மாணவரிடம் நோக்க அறிக்கை கேட்கும். ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த இடம், படித்து என்ன செய்யப் போகிறாய் என்பவற்றுக்கு இரண்டு பக்கத்தில் விடை எழுதுவது அது. இவ்வட்டாரத்து மாணவர் பலர் இணையத்தில் கிடைக்கும் மாதிரியைத் தழுவி, சிறுவயது முதலே வணிகத்தில் ஆர்வம் என்று தொடங்குகிறார்கள். சாத்தூர்ப் பக்கத்து ஆலையொன்றின் வாசலில் காய்கிற தீப்பெட்டிகள் அதைவிட நல்ல தொடக்கம் தரும். 2007-இல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாயான தீப்பெட்டி, மூலப்பொருள் விலையெல்லாம் ஏறிய பிறகும் பதினான்கு ஆண்டு அதே விலையில் நின்றது. 2021 டிசம்பர் முதல் நாள் உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடி இரண்டு ரூபாயாக்கியபோதுதான், ஒருமுறை பயன்படுத்தி எறியும் சிகரெட் லைட்டர் அந்த இடத்தைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது தெளிவாகத் தெரிந்தது. 2023 ஜூனில் இருபது ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள லைட்டர்களின் இறக்குமதிக்கு மைய அரசு தடை விதித்தது. மறு ஆண்டில் லைட்டர் உதிரிபாகங்களுக்கும் தடை வந்தது. நாணயத்தின் மதிப்புக்குள் அடைபட்ட ஒரு பொருளின் விலையை எப்படி உயர்த்துவது, இறக்குமதித் தடை எத்தனை நாள் காக்கும், கையுழைப்பை நம்பிய ஆயிரக்கணக்கான பெண்களை வேறெந்தத் தொழிலுக்கு மாற்றுவது என்ற கேள்விகள் முறையே விலையியல், வணிகக் கொள்கை, தொழில் மேம்பாடு ஆகிய மூன்று தனித்தனிப் படிப்புகளுக்கு உரியவை. அவற்றைக் கற்பிப்பதில் தேர்ந்த பல்கலைக்கழகங்களும் ஒன்றல்ல. எந்தக் கேள்வி தம்முடையது என்று மாணவர் எழுதிப் பார்த்துவிட்டால், விண்ணப்பிக்க வேண்டிய முப்பது பெயர்கள் ஐந்தாகக் குறைந்துவிடும். விண்ணப்பக் கட்டணத்திலும் அந்த அளவுக்குப் பணம் மிஞ்சும்.